செனட் இல்லம் (சென்னைப் பல்கலைக்கழகம்)

செனட் இல்லம் என்பது சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் வளாகத்தில், மெரினா கடற்கரையை நோக்கி அமைந்துள்ள வரலாற்றுச் சிறப்புமிக்க கட்டிடம் ஆகும். பல்கலைக்கழகத்தின் ஆட்சிப் பேரவை கூடுவதற்கும் பட்டமளிப்பு விழாக்கள் நடத்துவதற்கும் ஏற்ற மண்டபமாக இது 1874ஆம் ஆண்டிற்கும் 1879ஆம் ஆண்டிற்கும் இடையில் கட்டப்பட்டது. இதனை வடிவமைத்தவர் ஆங்கிலேயக் கட்டிடக் கலைஞரான ராபர்ட் பெல்லோசு சிசோம் என்பவர். இந்தோ-சாரசெனிக் பாணியில் அமைந்த தொடக்ககாலக் கட்டிடங்களுள் இது குறிப்பிடத்தக்கது. 1937ஆம் ஆண்டில் சில மாதங்கள் சென்னை மாகாணச் சட்டப் பேரவையும் இங்குக் கூடியது.

இக்கட்டிடம் எல்லா நாட்களிலும் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருப்பதில்லை. சிறப்பு நாட்களிலோ பல்கலைக்கழகத்தின் அனுமதியுடனோதான் உள்ளே சென்று பார்க்க இயலும். இதனால் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர்களிலும் பலர் இதனை வெளியிலிருந்து மட்டுமே பார்த்துள்ளனர்.

பெயர்

இங்கு 'செனட்' என்பது பல்கலைக்கழகத்தின் ஆட்சிப் பேரவையைக் குறிக்கும். பண்டைய உரோமை நகரின் மூத்தோர் அவைக்கு வழங்கிய இலத்தீன் பெயரிலிருந்து இச்சொல் ஆங்கிலத்திற்கு வந்தது. பல நாடுகளில் பல்கலைக்கழக அவைகளும் நாடாளுமன்ற மேலவைகளும் இப்பெயரைக் கொண்டுள்ளன. தமிழில் இக்கட்டிடம் செனட் இல்லம், செனட் மாளிகை, பேரவைக் கட்டிடம் எனப் பலவாறு அழைக்கப்படுகிறது.

இதே பெயரில் வேறு கட்டிடங்களும் உள்ளன. இங்கிலாந்தின் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில் உள்ள செனட் இல்லம் ஜேம்சு கிப்சு என்பவரின் வடிவமைப்பில் 1722க்கும் 1730க்கும் இடையில் கட்டப்பட்டது. அங்கு இன்றும் பட்டங்கள் வழங்கப்படுகின்றன. இலண்டன் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லம் 1930களில் எழுந்த உயரமான அலுவலக, நூலகக் கட்டிடம் ஆகும்.

பின்னணி

1857ஆம் ஆண்டில் இந்தியாவில் மூன்று பல்கலைக்கழகங்கள் தொடங்கப்பட்டன. கல்கத்தாப் பல்கலைக்கழகம் சனவரி 24 அன்றும், பம்பாய்ப் பல்கலைக்கழகம் சூலை 18 அன்றும், சென்னைப் பல்கலைக்கழகம் செப்டம்பர் 5 அன்றும் சட்டப்படி நிறுவப்பட்டன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் வேந்தராக ஆளுநர் ஆரிசு பிரபுவும், முதல் துணைவேந்தராக உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி சர் கிறிசுடோபர் ராலின்சனும் இருந்தனர்.

இம்மூன்று பல்கலைக்கழகங்களும் அக்கால இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டவை. இன்று பல்கலைக்கழகம் என்றதும் வகுப்பறைகளும் ஆய்வுக்கூடங்களும் விடுதிகளும் நினைவுக்கு வருகின்றன. 1857ஆம் ஆண்டின் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இவை எவையும் இல்லை. பாடம் கற்பித்தது இணைவு பெற்ற கல்லூரிகளே. பாடத்திட்டம் வகுத்தல், தேர்வு நடத்துதல், தேறியவர்களுக்குப் பட்டம் வழங்குதல் ஆகிய மூன்றே பல்கலைக்கழகத்தின் பணிகள். கற்பித்தல், ஆய்வு ஆகியவற்றைப் பல்கலைக்கழகங்கள் தாமே மேற்கொள்ள 1904ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம் வழி செய்தது. அதன் பின்னரே பல்கலைக்கழகத் துறைகள் படிப்படியாக உருவாயின.

செனட் இல்லத்தின் தன்மையைப் புரிந்துகொள்ள இச்செய்தி தேவையானது. கற்பிக்காத பல்கலைக்கழகத்திற்கு வகுப்பறைகள் தேவைப்படவில்லை. பேரவை கூடவும், பட்டம் வழங்கவும், அலுவலகம் நடத்தவும் ஓர் இடம் இருந்தால் போதும். ஆகவே பல்கலைக்கழகத்திற்கென எழுந்த முதற்பெரும் கட்டிடம் ஒரு விழா மண்டபமாக அமைந்தது. தென்னிந்தியாவின் வெவ்வேறு பகுதிகளில் படித்த மாணவர்களுக்குப் பல்கலைக்கழகம் என்ற அமைப்பு கண்ணுக்குப் புலப்பட்ட இடம் இதுவே.

இம்மண்டபம் எழுவதற்கு முன் பட்டமளிப்பு விழாக்கள் அரசினர் தோட்டத்திலிருந்த விருந்து மண்டபத்தில் நடைபெற்றன. இம்மண்டபமே பின்னர் இராசாசி மண்டபம் எனப் பெயர் பெற்றது. பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை ஆகிய இருவரும் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர்கள். தாமோதரம்பிள்ளை பின்னாளில் தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை முதலிய நூல்களைப் பதிப்பித்துத் தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் இடம்பெற்றார்.

கட்டிடம் எழுந்த வரலாறு

மாநிலக் கல்லூரிக்கும் செனட் இல்லத்திற்கும் உரிய வடிவமைப்புகளைச் சென்னை அரசு 1864ஆம் ஆண்டில் விளம்பரம் செய்து கோரியது. வந்த வடிவமைப்புகளுள் சிசோமின் வடிவமைப்பு தேர்ந்தெடுக்கப்பட்டது. மாநிலக் கல்லூரிக் கட்டிடம் முதலில் கட்டப்பட்டு 1870ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. செனட் இல்லத்தின் பணி அதற்குப் பின்னர், 1874ஆம் ஆண்டில்தான் தொடங்கியது. ஐந்து ஆண்டுகளில், 1879ஆம் ஆண்டில், கட்டிடம் நிறைவுற்றது.

இடைப்பட்ட பத்து ஆண்டுகளில் அரசுக் கட்டிடங்களின் பாணி பற்றிய கருத்து மாறியிருந்தது. 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு, இந்தியாவில் எழும் கட்டிடங்கள் இந்நாட்டின் தட்பவெப்பத்திற்கும் கட்டிட மரபிற்கும் பொருந்த வேண்டும் என்ற கருத்துடையவர். இந்திய இசுலாமியக் கட்டிடக்கலையின் வளைவுகளும் குவிமாடங்களும் அதற்கு ஏற்றவை என அவர் கருதினார். சிசோமும் இதே திசையில் சென்றார். ஒரே போட்டியில் பிறந்த இரு கட்டிடங்களுள் மாநிலக் கல்லூரி இத்தாலியப் பாணியின் சாயலைக் கொண்டிருப்பதற்கும், செனட் இல்லம் சாரசெனிக் பாணியில் அமைந்ததற்கும் இந்த மாற்றமே காரணம்.

இதற்கு அருகிலேயே ஒரு முன்மாதிரியும் இருந்தது. ஆற்காட்டு நவாபு முகமது அலி வாலாசா 1768ஆம் ஆண்டில் குடியேறிய சேப்பாக்கம் அரண்மனை செனட் இல்லத்திற்குத் தெற்கே உள்ளது. நவாபு மரபு முடிவுற்ற பின் அது அரசின் உடைமையானது. அரண்மனையை அரசு அலுவலகமாக மாற்றும் பணியில் அதன் இரு பகுதிகளுக்கு இடையே கோபுரம் ஒன்றை எழுப்பியவரும் சிசோமே. அங்குப் பெற்ற பட்டறிவு செனட் இல்லத்தில் வெளிப்படுவதைக் காணலாம்.

கட்டிடக் கலைஞர்

ராபர்ட் சிசோம் (1840 - 1915) இலண்டனில் பிறந்தவர். இந்தியப் பொதுப்பணித் துறையில் பணியாற்றிய அவர் 1865ஆம் ஆண்டளவில் சென்னைக்கு வந்து, பின்னர்ச் சென்னை அரசின் ஆலோசகக் கட்டிடக் கலைஞரானார். சென்னைக் கைத்தொழில் கலைப் பள்ளியின் கண்காணிப்பாளராகவும் இருந்தார். இப்பள்ளியே இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரியின் முன்னோடி. சென்னையில் மாநிலக் கல்லூரி, பொது அஞ்சல் நிலையம், விக்டோரியா பொது மண்டபம் முதலியவையும், திருவனந்தபுரத்தில் நேப்பியர் அருங்காட்சியகமும் அவருடைய படைப்புகள். வடோதராவின் இலட்சுமி விலாசு அரண்மனையை வடிவமைத்த சார்லசு மாண்ட் 1881ஆம் ஆண்டில் இறந்தபின் அதன் எஞ்சிய பணியையும் சிசோம் ஏற்று நிறைவு செய்தார்.

கட்டிடக்கலை

செனட் இல்லம் செவ்வக வடிவத் தரையமைப்புக் கொண்டது. நடுவில் பெருமண்டபமும், நான்கு மூலைகளில் கோபுரங்களும் உள்ளன. கோபுரங்களின் உச்சியில் வெங்காய வடிவக் குவிமாடங்கள் காணப்படுகின்றன. பக்கங்களில் வளைவுகளைத் தாங்கிய தூண் வரிசைகளுடன் கூடிய தாழ்வாரங்கள் அமைந்துள்ளன. செங்கல்லே கட்டிடத்தின் முதன்மைப் பொருள். இந்திய இசுலாமியக் கூறுகளுடன் பைசாந்தியக் கட்டிடக்கலையின் கூறுகளும் இதில் கலந்துள்ளன. தூண் தலைகளில் செதுக்கு வேலைப்பாடுகளையும், சாளரங்களில் வண்ணக் கண்ணாடிகளையும் காணலாம்.

இந்தோ-சாரசெனிக் பாணி என்பது வெறும் அலங்காரம் மட்டுமன்று. கடற்கரையோர வெப்ப நிலத்தில் பெருங்கூட்டம் அமரும் மண்டபம் ஒன்றின் தேவைகளையும் அது நிறைவு செய்தது.

நிழல்: சுற்றிலும் உள்ள தாழ்வாரங்கள் நேர் வெயில் மண்டபச் சுவரில் படாமல் தடுக்கின்றன. மழைக்காலத்தில் சாரல் உள்ளே வராமலும் காக்கின்றன.

காற்று: சென்னையில் கோடைக்காலப் பிற்பகலில் கடலிலிருந்து நிலத்தை நோக்கிக் காற்று வீசும். கடலை நோக்கிய திறப்புகள் இக்காற்றை உள்ளே விடுகின்றன. சூடான காற்று எடை குறைந்து மேலெழுவதால், கூரை உயரமாக இருக்கும்போது அமர்ந்திருப்போர் மட்டத்தில் வெப்பம் குறைவாக உணரப்படுகிறது. மின்விசிறி இல்லாத காலத்தில் இது இன்றியமையாதது.

ஒளி: உயரத்தில் உள்ள சாளரங்கள் வழியாக வரும் வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்யாமல் மண்டபத்தில் பரவுகிறது.

இக்கட்டிடத்தைத் தொடர்ந்து சென்னையில் இப்பாணி பரவியது. 1892ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றம், 1908ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட எழும்பூர் தொடர்வண்டி நிலையம் ஆகியன இதே மரபைச் சேர்ந்தவை.

பட்டமளிப்பு விழா

பட்டமளிப்பு விழா சட்ட அடிப்படையில் பல்கலைக்கழகப் பேரவையின் ஒரு கூட்டமாகும். வேந்தரோ அவர் இல்லாதபோது அவருக்கு அடுத்த நிலையில் உள்ளவரோ அதற்குத் தலைமை ஏற்கிறார். தமிழ்நாட்டில் மாநில ஆளுநர் வேந்தராகவும், உயர் கல்வி அமைச்சர் இணைவேந்தராகவும் இருப்பது மரபு. அங்கி அணிந்த பேரவை, ஆட்சிக்குழு உறுப்பினர்கள் ஊர்வலமாக மண்டபத்தில் நுழைவர். வேந்தர் விழாவைத் தொடங்கி வைப்பதாக அறிவித்த பின்னர், தகுதி பெற்றவர்கள் துறைவாரியாக முன்னிறுத்தப்பட்டுப் பட்டம் பெறுவர். நேரில் வராதவர்களுக்கும் அதே கூட்டத்தில் பட்டம் வழங்கப்பட்டதாக அறிவிக்கப்படும். அறிஞர் ஒருவர் பட்டமளிப்பு விழா உரை ஆற்றுவார்.

இச்சடங்குமுறை மண்டபத்தின் அமைப்பிலும் எதிரொலிக்கிறது. ஊர்வலம் வருவதற்கு நீண்ட நடுவழியும், அவையோர் அமர மேடையும், பட்டம் பெறுவோரும் உறவினரும் அமரப் பெரிய தளமும் வேண்டும். ஐரோப்பாவிலும் இத்தேவைக்கென்றே தனிக் கட்டிடங்கள் எழுந்தன. ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தின் விழாக்கள் 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தேவாலயத்தில் நடைபெற்றன. சமயச் சார்பற்ற இடமொன்று வேண்டுமென்ற எண்ணத்தில் கிறிசுடோபர் ரென் என்பவரின் வடிவமைப்பில் 1664க்கும் 1669க்கும் இடையில் செல்டோனியன் அரங்கு கட்டப்பட்டது. சென்னையில் செனட் இல்லம் ஆற்றிய பணியும் இதை ஒத்ததே.

பட்டம் பெறுவோர் தொகை பெருகியதால் மண்டபம் போதாமற் போயிற்று. பல்கலைக்கழகத்தின் நூற்றாண்டு நினைவாக அதே வளாகத்தில் பல்கலைக்கழக நூற்றாண்டு மண்டபம் எழுந்தது. பட்டமளிப்பு விழாக்கள் அங்கு மாறின. 1942 முதல் 1969 வரை 27 ஆண்டுகள் துணைவேந்தராக இருந்த ஆ. இலட்சுமணசுவாமி முதலியாரின் பதவிக்காலத்தில் நூற்றாண்டு விழா கொண்டாடப்பட்டது.

சட்டப் பேரவையாக

1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தின்படி சென்னை மாகாணத்தில் ஈரவைச் சட்டமன்றம் ஏற்பட்டது. கீழவையான சட்டப் பேரவையில் 215 உறுப்பினர்கள் இருந்தனர். அதுவரை சட்டமன்றம் கூடிவந்த புனித சார்ச்சுக் கோட்டையின் அவைக்கூடம் இவ்வளவு பேருக்கு இடம் தரவில்லை. ஆகவே 1937 சூலை 14 முதல் திசம்பர் 21 வரை சட்டப் பேரவை செனட் இல்லத்தில் கூடியது. இராசகோபாலாச்சாரி முதலமைச்சராகவும் (அக்காலத்தில் பிரதம அமைச்சர் எனப்பட்டார்), புலுசு சாம்பமூர்த்தி பேரவைத் தலைவராகவும், ருக்மிணி லட்சுமிபதி துணைத் தலைவராகவும் இருந்தனர். 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்த மதுவிலக்குச் சட்டம் இக்காலப்பகுதியில் இயற்றப்பட்டதாகும்.

1938 சனவரி முதல் பேரவை விருந்து மண்டபத்திற்கு மாறியது. பட்டமளிப்பு விழா விருந்து மண்டபத்திலிருந்து செனட் இல்லத்திற்கு வந்தது போல, சட்டப் பேரவை செனட் இல்லத்திலிருந்து விருந்து மண்டபத்திற்குச் சென்றது.

சிலைகள்

செனட் இல்லத்தின் முன்புறத்தில் விதான மண்டபம் ஒன்றின் கீழ் விக்டோரியா அரசியின் சிலை உள்ளது. சர் ஜோசப் எட்கர் போம் என்னும் சிற்பி வடித்த இச்சிலையை, அரசியின் ஆட்சிப் பொன்விழாவை ஒட்டி 1887ஆம் ஆண்டில் விசாகப்பட்டினத்தைச் சேர்ந்த கோடே நாராயண கசபதி ராவ் நகருக்கு அளித்தார்.

வழக்கறிஞரும் நீதிபதியுமான வி. கிருட்டிணசாமி ஐயரின் சிலையும் இங்கு உள்ளது. மயிலாப்பூர் வடமொழிக் கல்லூரி, இந்தியன் வங்கி ஆகியவற்றின் தோற்றத்தில் பங்கு கொண்டவர் அவர். சுப்பிரமணிய பாரதியின் பாடல்கள் அச்சேறவும் உதவினார்.

தேய்வும் மறுசீரமைப்பும்

விழாக்கள் நூற்றாண்டு மண்டபத்திற்கு மாறிய பின் செனட் இல்லத்தின் பயன்பாடு குறைந்தது. பயன்பாடு குறைந்த கட்டிடத்தில் கூரைக் கசிவும் செடி முளைத்தலும் உடனே கவனிக்கப்படுவதில்லை. காலப்போக்கில் கட்டிடம் சிதைவுற்றது. பல்கலைக்கழகத்தின் 150ஆம் ஆண்டு நிறைவை (2007) முன்னிட்டு மரபுக் கட்டிட வல்லுநர்களின் வழிகாட்டலில் மறுசீரமைப்புப் பணி மேற்கொள்ளப்பட்டது.

இத்தகைய கட்டிடங்களின் மறுசீரமைப்பில் சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது. 19ஆம் நூற்றாண்டுச் சென்னைக் கட்டிடங்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டப்பட்டவை. சுண்ணாம்புப் பூச்சு நுண்துளைகள் உடையது. சுவருக்குள் புகும் ஈரம் அதன் வழியே ஆவியாகி வெளியேறும். சிமெண்டுப் பூச்சு ஏறத்தாழ நீர்புகாதது. பழைய சுவரின் மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். கடற்கரையில் காற்றிலும் நிலத்தடி நீரிலும் உப்பு மிகுந்திருப்பதால் ஈரத்துடன் உப்பும் சுவரில் சேர்கிறது. நீர் உலரும்போது உப்பு படிகமாகி விரிவடைந்து, செங்கல்லைப் பொடியாக்குகிறது. பூச்சைத் தள்ளி உதிர்க்கிறது. வெளியே உறுதியாகத் தோன்றும் சுவர் உள்ளே அரிக்கப்படுவது இவ்வாறுதான்.

ஆகவே பழைய கட்டிடங்களில் சிமெண்டுப் பூச்சை நீக்கி மீண்டும் சுண்ணாம்பு பூசுவதே பொருத்தமான முறையாகக் கருதப்படுகிறது. சுண்ணாம்பை நீரில் ஊறவைத்து, மணலுடன் அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்ப்பது தமிழகக் கொத்தர்களின் பழைய முறை. இதற்குக் காலமும் கைத்திறனும் தேவை. இவ்வேலை தெரிந்த கொத்தர்கள் குறைந்து வருவது மரபுக் கட்டிடப் பாதுகாப்பின் பெரும் இடர்ப்பாடுகளுள் ஒன்று. ஒருமுறை சீரமைத்ததோடு பணி முடிந்துவிடுவதும் இல்லை. கூரை வடிகால்களை ஒவ்வொரு பருவமழைக்கு முன்னும் தூய்மை செய்தல் போன்ற எளிய பராமரிப்பு தொடராவிட்டால் சீரமைப்பின் பயன் சில ஆண்டுகளில் மறைந்துவிடும்.

மூன்று மண்டபங்கள்

1857ஆம் ஆண்டின் மூன்று பல்கலைக்கழகங்களும் ஏறக்குறைய ஒரே காலத்தில் தத்தம் விழா மண்டபங்களைக் கட்டின. அவற்றின் பின்னாளைய நிலை ஒன்றுபோல் அமையவில்லை.

கல்கத்தா: வால்டர் கிரான்வில் வடிவமைத்த செனட் மண்டபம் 1872ஆம் ஆண்டில் நிறைவுற்றது. உயர்ந்த தூண்களுடன் கூடிய இக்கட்டிடம் 1960ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் பல்கலைக்கழகத்தின் நூற்றாண்டுக் கட்டிடம் எழுந்தது.

பம்பாய்: சர் ஜார்ச்சு கில்பர்ட்டு சுகாட் வடிவமைத்த பட்டமளிப்பு மண்டபம் 1874ஆம் ஆண்டில் நிறைவுற்றது. சர் கவாசுஜி ஜகாங்கீர் அளித்த நன்கொடையால் அவர் பெயரைப் பெற்றது. இது மறுசீரமைக்கப்பட்டு நல்ல நிலையில் உள்ளது. இது அடங்கிய பகுதி 2018ஆம் ஆண்டில் யுனெசுக்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது.

சென்னை: செனட் இல்லம் இடிபடாமல் எஞ்சியது. இங்கும் நூற்றாண்டுக்குப் புதுக் கட்டிடம் தேவைப்பட்டது. ஆனால் அது பழைய கட்டிடம் நின்ற இடத்தில் எழுப்பப்படாமல், வளாகத்தின் வேறு பகுதியில் எழுப்பப்பட்டது. செனட் இல்லம் இன்றும் நிற்பதற்கு இம்முடிவு முதன்மையான காரணம் எனலாம்.

சென்னையில் மரபுக் கட்டிடங்களுக்கான சட்டப் பாதுகாப்பு காலந்தாழ்ந்தே வந்தது. அண்ணா சாலையின் பாரத் இன்சூரன்சு கட்டிடத்தை இடிப்பது தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2010ஆம் ஆண்டில் அளித்த தீர்ப்பு இதில் ஒரு திருப்புமுனை. தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் 2012ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது.

பார்வை நாட்கள்

வழக்கமாக மூடியிருக்கும் வரலாற்றுக் கட்டிடங்களைக் குறிப்பிட்ட நாட்களில் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் வழக்கம் பல நாடுகளில் உள்ளது. பிரான்சு அரசு 1984ஆம் ஆண்டில் இதனை நாடு முழுவதும் நடத்தியது. 1991ஆம் ஆண்டு முதல் ஐரோப்பிய மன்றத்தின் முயற்சியால் ஐரோப்பிய மரபு நாட்கள் என இது விரிந்தது. இலண்டனில் 1992 முதல் இதுபோன்ற திறந்த இல்ல நிகழ்வு நடைபெறுகிறது. இந்தியாவில் ஏப்ரல் 18ஆம் நாளான உலக மரபு நாளன்றும், நவம்பர் மாதத்தின் மரபு வாரத்திலும் நினைவுச் சின்னங்களில் நிகழ்ச்சிகள் நடைபெறுகின்றன.

சென்னையில் இதற்குரிய காலம் ஆகத்து மாதம். கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் நிலம் பெற்ற நாளாகக் கருதப்படும் 1639 ஆகத்து 22ஆம் நாளை நினைவுகூரும் சென்னை நாள் 2004ஆம் ஆண்டு முதல் கொண்டாடப்படுகிறது. பத்திரிகையாளரும் வரலாற்று எழுத்தாளருமான சு. முத்தையா இதனைத் தொடங்கியவர்களுள் ஒருவர். அவ்வாரத்தில் தன்னார்வலர்கள் நடத்தும் மரபு நடைகளில் மெரினா கடற்கரையோரக் கட்டிடங்கள் முக்கிய இடம் பெறுகின்றன.

திறப்பு நாட்களால் இருவகைப் பயன் உண்டு. பாடநூலில் படித்ததை மாணவர்கள் நேரில் காண்கின்றனர். அதைவிட முக்கியமாக, ஒரு கட்டிடத்தைப் பலர் உள்ளே சென்று பார்க்கும்போது அதன் நிலை வெளியே தெரிகிறது. யாரும் பாராத கட்டிடத்தின் கசிவை யாரும் கேள்வி கேட்பதில்லை.

பார்வையாளர் கவனிக்கத்தக்கவை

கட்டிடத்தினுள் செல்லும் வாய்ப்புப் பெறுவோர் பின்வருவனவற்றைக் கவனிக்கலாம்.

1. நான்கு கோபுரங்களையும் சற்றுத் தொலைவில் நின்று பார்த்தல். பின்னர்த் தெற்கேயுள்ள சேப்பாக்கம் அரண்மனையின் கோபுரத்துடன் ஒப்பிட்டால் ஒரே கலைஞரின் கைவண்ணம் புலப்படும்.

2. தாழ்வாரத்திலிருந்து மண்டபத்தினுள் நுழையும்போது வெப்பத்திலும் ஒளியிலும் ஏற்படும் மாற்றம்.

3. தூண் தலைகளின் செதுக்கு வேலைப்பாடுகளும், அவற்றின் ஒற்றுமை வேற்றுமைகளும்.

4. வண்ணக் கண்ணாடிகள். வெளியிலிருந்து பார்த்தால் இவை இருண்டே தோன்றும். உள்ளிருந்து பார்க்கும்போதுதான் நிறம் தெரியும்.

5. மண்டபத்தின் ஒலியமைப்பு. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் இங்கு உரையாற்றியோர் பெருங்கூட்டத்திற்குக் கேட்கும்படி நிதானமாகவும் உரக்கவும் பேச வேண்டியிருந்தது.

6. சுவர்களில் பூச்சு உப்பியோ உதிர்ந்தோ உள்ள இடங்கள். ஈரமும் உப்பும் செயல்படும் முறைக்கு இவை நேரடிச் சான்று. இத்தகைய இடங்களையும் வண்ணக் கண்ணாடிகளையும் கையால் தொடாமல் பார்ப்பது நல்லது.

அமைவிடம்

செனட் இல்லம் காமராசர் சாலையில், அண்ணா நினைவிடத்திற்கு எதிர்ப்புறம் உள்ள பல்கலைக்கழக வளாகத்தில் அமைந்துள்ளது. வளாகத்தின் தெற்கே வாலாசா சாலை செல்கிறது. பறக்கும் தொடர்வண்டித் தடத்தின் சேப்பாக்கம் நிலையம் அருகில் உள்ளது. மயிலாப்பூரிலிருந்து வருவோர் திருமயிலை நிலையத்தில் ஏறி, முண்டகக்கண்ணியம்மன் கோயில், கலங்கரை விளக்கம், திருவல்லிக்கேணி நிலையங்களைக் கடந்து சேப்பாக்கத்தில் இறங்கலாம்.

அதே வளாகத்தில் பல்கலைக்கழக நூலகமும் உள்ளது. நூலகவியலின் ஐந்து விதிகளை 1931ஆம் ஆண்டில் வெளியிட்ட சீ. இரா. அரங்கநாதன் 1924 முதல் 1944 வரை இப்பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பணியாற்றினார். ஆறு தொகுதிகளாக 1924க்கும் 1936க்கும் இடையில் வெளிவந்த தமிழ்ப் பேரகராதியை வெளியிட்டதும் இப்பல்கலைக்கழகமே. வாலாசா சாலையைக் கடந்து தெற்கு நோக்கிச் சென்றால் சேப்பாக்கம் அரண்மனை, எழிலகம், மாநிலக் கல்லூரி ஆகியவற்றை ஒரே நடையில் காணலாம்.